அதற்கு முன்னால் என்ன இருந்தது

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று சொல்வதுதான் என் வேலை. திருவனந்தபுரத்தில் ஒரு கோளரங்கத்தில் விளக்கம் சொல்பவளாக இருக்கிறேன். மலையாளக் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் முன்பே பதிவுசெய்த குரல் உண்டு. தமிழுக்கு இல்லை. கன்னியாகுமரிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து பேருந்து பேருந்தாகப் பிள்ளைகள் வருவார்கள் என்பதால், அவர்களுக்கு நானே மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவேன்.

விளக்கை அணைத்ததும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். கூரையில் முதல் ஒளி பரவும்போது அடங்கிவிடுவார்கள். எல்லாம் ஒரு புள்ளிக்குள் அடங்கியிருந்தது, அது விரிந்தது, விரிந்து குளிர்ந்தது என்று ஆரம்பிப்பேன். நட்சத்திரங்கள் பிறந்ததையும், அவற்றின் வயிற்றுக்குள் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் வெந்து உருவானதையும், அவை வெடித்துச் சிதறியதையும் சொல்வேன். "உங்க ரத்தத்துல இருக்கற இரும்பு, எலும்புல இருக்கற சுண்ணாம்பு எல்லாம் அங்கேருந்து வந்ததுதான்" என்று சொல்லும்போது சில பிள்ளைகள் இருட்டில் தங்கள் கையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

காட்சி முடிந்ததும் யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார்: "அதுக்கு முன்னால என்ன இருந்திச்சு மிஸ்?"

காலமே அப்போதுதான் தொடங்கியது என்று சிலர் சொல்கிறார்கள், அதற்கு முன்பும் ஏதோ இருந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள், உறுதியாக யாருக்கும் தெரியாது என்பேன். அந்தத் 'தெரியாது'வைச் சொல்வதில் எனக்கு அப்போதெல்லாம் ஒரு சந்தோஷம் இருந்தது. ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களின் சந்தோஷம் மாதிரி.

கல்யாணமாகி அதே ஊரில் வலியசாலைக்கு வந்தேன். என் கணவருக்கு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலையில் சந்தியாவந்தனம் பண்ணாமல் காப்பி குடிக்கமாட்டார். எங்கள் தெருக் கோயிலில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் போலப் பிரம்மாவுக்கும் ஒரு சன்னதி உண்டு. ஆபீசுக்குப் போகிற வழியில் அங்கே ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். பெண் பார்க்க வந்த அன்று, என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். "அதை எங்காத்துல தினம் காலம்பற சங்கல்பத்துலயே சொல்லிடறோமே" என்று சிரித்தார். பிரம்மாவின் ஆயுளில் பாதி கடந்து, இன்ன கல்பத்தில், இன்ன யுகத்தில் என்று தொடங்கி அன்றைய திதிவரைக்கும் வரும் அந்த நீளமான வாசகத்தைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. அந்தச் சிரிப்புக்காகத்தான் சம்மதித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அது எங்கள் வீட்டுச் சண்டையாக ஆனது. நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவர் வாசற்படியில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார்.

"நோக்கு ஒரு வெடிப்பு இருக்கு, செரி. திரியில நெருப்பு வெச்சது யாராக்கும்?"

"அது வெடிப்பே இல்ல, விரிவு. எத்தனை தரம் சொல்றது? உங்க பிரம்மாவைப் பெத்தது யாரு?"

"தாமரையிலேந்து வந்தார்."

"தாமரை?"

"பெருமாளோட நாபியிலேந்து."

"பெருமாள் எங்கேந்து வந்தார்?"

"அவர் எப்பவும் இருக்கார்."

"எப்பவும் இருந்ததுன்னு நான் சொன்னா மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்கறேள்?"

"பின்னே, ரெண்டு பேரும் கடைசி ஸ்டாப்புல எறங்கி முழிச்சிண்டு நிக்கறோம். பஸ்தான் வேற" என்பார். உள்ளேயிருந்து என் மாமியார், "வெறுதே வழக்காடாம சாப்பிட வாங்கோ ரெண்டு பேரும்" என்று கூப்பிடுவார்.

சில வருஷங்களுக்குப் பிறகுதான் எனக்கு வயிற்றில் குழந்தை தங்கியது. ஸ்கேன் அறையில் இதயம் துடிப்பதைக் கேட்டு என் கணவர் கைகூப்பினார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செல் இரண்டாகி, நாலாகி, ஏதோ ஒரு நாளில் அதில் ஒரு பகுதி தானாகத் துடிக்கத் தொடங்கியிருக்கிறது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது ஒன்றேதான் என்று நினைக்கிறேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், வயிற்றில் இருக்கும் பிள்ளையின் எலும்புக்கும் சுண்ணாம்பு நட்சத்திரத்திலிருந்துதான் வந்தது என்று சொன்னேன்.

"அப்போ கோத்திரம் எதுன்னு சொல்றது? என்னோடதா, நட்சத்திரத்தோடதா?"

"களியாக்காதீங்கோ" என்று அவர் கேலியைத் தடுத்தேன்.

"களி இல்ல. நேக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

நான் விஞ்ஞானத்தைச் சொல்லிக்கொடுப்பது, அவர் சுலோகத்தைச் சொல்லிக்கொடுப்பது, எது வேண்டுமோ அதைக் குழந்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், மத்தியானத்திலிருந்து அசைவே இல்லை என்று திடீரென்று உறைத்தது. மாமியார் பானகம் கரைத்துக் கொடுத்தார். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். படுத்திருந்தேன். வயிற்றின் மேல் என் கணவர் கையை வைத்திருந்தார், நானும் வைத்திருந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, திரையை எங்கள் பக்கத்திலிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

வலி வருவதற்கு மருந்து கொடுத்துப் பெற வைத்தார்கள். பெண் குழந்தை. எனக்குக் காய்ச்சல் கண்டு நினைவு சரியாக இல்லை. பெற்றவளிடம் காட்ட வேண்டாம், பார்த்தால் மறக்கவே முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நான் தெளிவதற்குள் என் கணவரும் அவருடைய அண்ணாவும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். எங்கே என்று கேட்டேன். "மயானத்துலதான். மதிலை ஒட்டி ஒரு மூலையில" என்றார். அவருடைய நகக்கண்களில் மண் இருந்தது.

வீட்டுச் சடங்குகளைச் செய்துவைக்கும் வாத்தியார் மந்திரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பேர் வைக்காத, பல் முளைக்காத குழந்தைக்குக் காரியம் எதுவும் கிடையாது, மண்ணில் வைத்தால் போதும் என்று. சாஸ்திரத்தில் உள்ளதைத்தான் அவர் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் என் கணவர் சந்தியாவந்தனத்துக்குப் பஞ்சபாத்திரத்தை எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. கோயில் பக்கம் போகாமல், ஆபீசுக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப்போனார்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் டாக்டர் கூப்பிட்டார். எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, காரணம் எதுவும் அகப்படவில்லை என்றார்.

"காரணமில்லாதெ எங்ஙனெயா டாக்டரே?" என்று இவர் கேட்டார். காரணம் இல்லாமல் எப்படி நடக்கும் என்று.

"காரணம் உண்டாவும். நமக்கு அறிஞ்சூடா" என்றார் டாக்டர். காரணம் இருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை. நல்ல பெண்மணி, கண்கள் கலங்கித்தான் சொன்னார். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதிலும் கிட்டத்தட்ட இதேதான் என்று எனக்குத் தோன்றியது. அந்த அறையில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பிரபஞ்சத்தோட முதல் நொடியில என்ன நடந்ததுன்னு உங்க ஆட்களுக்குத் தெரியும். போன மாசம் என் பொண்ணுக்கு என்ன நடந்ததுன்னு தெரியாது, இல்லியா?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். 

மாமியார் தனக்குத் தெரிந்த வழிகளைத் தேடினார். சர்ப்பதோஷமாக இருக்கும், சோழி உருட்டிப் பிரஸ்னம் வைத்துப் பார்க்கலாம் என்றார். "ஒன்னும் பாக்க வேண்டாம்மா" என்று இவர் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு ஒருநாள் மாமியார் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் இப்படிச் சாமியை விட்டுட்டு இருந்ததே இல்லடி கொழந்தே. நேக்குப் பயமா இருக்கு. நீ ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பான்."

"நான் சொல்லியாம்மா?"

"நோக்கு நம்பிக்கை இல்லேன்னு தெரியும். அதனாலதான் உங்கிட்ட கேக்கறேன். நான் சொன்னா அவன் சண்டைக்கு வரான்."

 காலையில் அந்த மெல்லிய முணுமுணுப்பு இல்லாத வீடு எனக்கும் பிடிபடவில்லை. அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவள்தான் நான். இருந்தும் அது நின்றுபோனதில் வீட்டில் இன்னொரு ஆள் குறைந்தாற்போல் இருந்தது.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். முதல் காட்சிக்கு நாகர்கோவில் பக்கத்துப் பள்ளி வந்திருந்தது. புள்ளி, விரிவு, குளிர்ச்சி எல்லாம் வாயில் தானாக வந்தன. எலும்பில் இருக்கும் சுண்ணாம்பு என்கிற இடத்துக்கு வந்ததும் குரல் எழும்பவில்லை. மைக்கை மூடிக்கொண்டு நின்றேன். கூரையில் நட்சத்திரங்கள் அவற்றின்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு எப்படியோ அடுத்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். வெளியே வந்ததும் அந்தப் பள்ளி ஆசிரியை என்னைத் தேடி வந்தார்.

"ஒரு எடத்துல கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம விட்டீங்கல்லா, பிள்ளைய எல்லாம் அப்பிடியே சொக்கிப்போய் இருந்துட்டு மேடம். ரொம்ப நல்லா இருந்து" என்றார். நன்றி சொன்னேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானக் காட்சியில், விளக்குப் போட்டதும் பின்வரிசையில் என் கணவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, டிக்கெட் வாங்கி வந்திருந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளியே போன பிறகும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த நாற்காலிகள் பின்னால் சாய்ந்தவை. இரண்டு பேரும் வெறும் வெள்ளைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாம் சொன்னே. ஏன்னு மட்டும் சொல்லலை" என்றார்.

"அது நேக்குத் தெரியாது. எப்படின்னுதான் தெரியும். அதுவும் கொஞ்சம்."

"'ஏன்'ங்கறது எங்கிட்ட இருக்குன்னு நெனச்சிண்டிருந்தேன்."

 பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார். குழந்தைக்குத் தலைமுடி நிறைய இருந்ததாம். மூக்கு என் மூக்காம். விரல்கள் நீளமாக, இடதுகை மூடியிருந்ததாம். அண்ணா அவசரப்படுத்தினாராம்.

"வாத்தியார் மந்திரம் கூடாதுன்னுட்டார். ஒரு வார்த்தையும் சொல்லாம மண்ணுல வெக்க மனசு வரல. என்ன சொல்றதுன்னும் தெரியல. நீ சொல்லுவியே, நட்சத்திரத்துலேந்து வந்ததுன்னு. அதைக் காதுல சொன்னேன். தப்புத் தப்பாத்தான் சொல்லியிருப்பேன்."

நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அன்றைக்கு வந்தது. அடுத்த காட்சிக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே இருந்தோம்.

இரண்டில் எது சரி என்று கேட்டால் எனக்கு இன்றும் குழப்பம் இல்லை. பிரபஞ்சம் தோன்றிய விதத்தை விஞ்ஞானம்தான் சொல்லும், வேறு எதுவும் அதைச் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கடவுளை நம்புகிற மனுஷர், நம்பிக்கை கைவிட்ட நேரத்தில், என்னிடமிருந்து அரைகுறையாகக் கேட்டதை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். அதை எந்தப் பக்கத்துக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். இப்போது சந்தியாவந்தனம் பண்ணுகிறார், சில நாள் விட்டும்விடுகிறார். மாமியார் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருக்கிறார். இன்னொரு குழந்தைக்கு முயலலாம் என்று டாக்டர் சொன்னார், எங்களுக்குத் துணிவு வரவில்லை. பிரபஞ்சத்தைப் பற்றி இப்போது நாங்கள் சண்டை போடுவதில்லை.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை சற்று வெறித்த ஒரு நாள், என்னை அந்த மயானத்துக்குக் கூட்டிக்கொண்டுபோங்கள் என்றேன். முதலில் தயங்கினார், அப்புறம் வண்டியை எடுத்தார். மதிலோரம் எங்கும் புல் இடுப்புயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவர் ஓரிடத்தில் நின்றார். பிறகு சில அடி தள்ளிப்போய் நின்றார். மதிலில் காரை பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். மறுபடி முதல் இடத்துக்கே வந்தார்.

"இங்கதான்னு நெனச்சேன்" என்றார். "மழையில ஒன்னும் தெரியல."

பரவாயில்லை என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். தூறல் போட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் நனைந்துகொண்டே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.