ஒழுக்கும் ஒழுக்கமும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். நினைவு மலர் என்றாலே இறந்தவரைப் பிறவி ஞானியாக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். நானும் அப்படி எழுதினால் முதலில் சிரிப்பவர் அண்ணனாகத்தான் இருப்பார். அவர் பிறவியிலேயே முன்கோபி. நல்லவராகப் பிறக்கவில்லை, பாடுபட்டு நல்லவரானார். அதுதான் பெரிய பெருமை என்று நினைப்பதால் அதையே எழுதுகிறேன்.

சுசீந்திரத்தை அடுத்த வயல்காட்டு ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பாவுக்கு நெல் விவசாயம். குழம்பில் உப்புக் குறைந்தால் அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். “இவனுக்கு மூக்குக்கு மேலல்லா கோவம் இருக்கு” என்று அம்மா வருந்துவார்கள்.

எங்கள் பக்கம் நெல் போகத்தைப் பூ என்போம். ஒரு கன்னிப்பூ சாகுபடியின்போது, அதாவது முதல் போகத்தில், வாய்க்காலில் தண்ணீர் குறைந்தது. எங்கள் வயலுக்குக் கீழே பெரியப்பா மகனின் வயல். அவர் அண்ணனுக்கு மூத்தவர். நான் அவரைக் கீழ்வயல் அண்ணன் என்பேன். எங்கள் முறையில் அவர் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்று வாய்த்தகராறு மூண்டது. பேச்சு முற்றி, அண்ணன் மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டார். கீழ்வயல் அண்ணனின் இடது கை முறிந்தது. கட்டுப் போட்டும் நேராகவில்லை. பெரியவர்கள் பேசி வழக்கில்லாமல் முடித்தார்கள். ஆனால் அன்றுமுதல் அவர் அண்ணனோடு பேசவில்லை. வரப்பில் எதிரே அண்ணன் வந்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். அண்ணனுக்கு அதன்பின் வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் கை தன்னைக் கண்டு ஒளியாத ஒரு நாள் வர வேண்டும்.

நாகர்கோவில் கல்லூரியில் கேட்ட பாடம் கிடைக்காமல் தத்துவத்தில் இடம் கிடைத்தது. “தத்துவம் படிச்சு என்ன செய்யப் போறான், காவி கெட்டவா?” என்று மாமா கேட்டார். அங்கேதான் அண்ணனுக்குப் பழைய கிரேக்கர்கள் அறிமுகமானார்கள். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனாராகிறான். அதேபோல நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயவானாக முடியும் என்ற அவர்கள் கருத்தை அண்ணன் பிடித்துக்கொண்டார். அடித்த கையும் பழக்கினால் மாறும் என்றல்லவா அதற்குப் பொருள். அறிவு, துணிவு, நிதானம், நீதி என்று நான்கு குணங்களை அவர்கள் தலையாயவையாக வைத்திருந்தார்களாம். “மூணு வந்துரும் போல இருக்குட்டி. இந்த நிதானந்தான் பஸ்ஸ விட்டுட்டு நிக்கி” என்பார் என்னிடம்.

இதையே நம் முன்னோர் அப்பியாசம் என்றார்கள். கூடவே, செய்துகொண்டே இரு, பலனைப் பார்க்காதே என்றும் சொல்லிவைத்தார்கள். பழகுவது அண்ணனுக்குக் கைவந்தது. பலனைப் பார்க்காமலிருப்பதுதான் வரவில்லை. இந்திரன் கொதிக்கும் நெய்யில் முங்கிச் சுத்தமான இடம் என்று சுசீந்திரத்துக்காரர்கள் பெருமை பேசுவோம். அதற்கும் அண்ணன் ஒரு பதில் வைத்திருந்தார். “அவன் ஒரு தடவ முங்கினான், தீந்து. மனுசனுக்கு அது பத்தாது. தெனமும் முங்கணும்.”

பின்னர் அவரே கல்லூரி ஆசிரியரானார், வயலையும் விடவில்லை. கோபம் வெளியே தெரியாமலாயிற்று. ஆனால் அது பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிய கோபம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் மணந்த மதினி, கேரள எல்லையை ஒட்டிய சிதறால் பக்கத்துப் பெண். கல்யாணம் முடிந்த வாரத்தில் எங்கள் வீட்டில் விருந்து. கூடம் நிறைய ஆட்கள். புறவாசலில் புதுப்பெண் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “என்ன மக்களே, இம்புட்டு நேரம்?” என்று அம்மா உள்ளிருந்து கேட்டார்கள்.

“இங்க ஒழுக்கு தீரெ இல்ல அத்தே” என்று உரக்கப் பதில் வந்தது.

எங்கள் காதில் அது ஒழுக்கம் இல்லை என்றுதான் விழுந்தது. வந்த வாரத்திலேயே வீட்டுக்கே ஒழுக்கமில்லை என்கிறாளே என்று கூடத்தில் எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் முகம் சிவந்தது. எழுந்தார். அவர் செம்புத் தண்ணீரை எடுத்து முழுவதையும் குடித்துவிட்டுப் புறவாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“என்ன இல்லேன்னு சொன்ன?” என்று மெதுவாகக் கேட்டார்.

மதினி குழாயைக் காட்டினாள். அது சொட்டிக்கொண்டிருந்தது. “வெள்ளத்துக்கு ஒழுக்கு இல்ல, பாருங்க. இப்பிடிச் சொட்டினா எப்பம் கழுவித் தீரும்?”

அவர்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர்; தண்ணீர் ஓட்டத்துக்கு ஒழுக்கு; தீரெ இல்லை என்றால் கொஞ்சமும் இல்லை. அண்ணன் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னார்: “நீ சொன்னது செரிதான். ரெண்டும் ஒண்ணுதான். ஒழுகினாத்தான் ஒழுக்கம். நான் இத்தன நாளா அணையக் கெட்டி வச்சிட்டு ஒழுக்கம்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்.”

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். எங்கள் மடையை அடைத்துவிட்டுத் தண்ணீரைக் கீழ்வயலுக்கு விட்டார். அது நிறைந்த பிறகே எங்கள் வயலுக்குத் திறந்தார். அந்தப் பூவும் அடுத்த பூவும், அதன்பின் வந்த ஒவ்வொரு பூவும் அப்படியே நடந்தது. எங்கள் பயிர் சில வருடம் வாடியும் இருக்கிறது. கேலி செய்தவர்களிடம் வரப்பில் நின்று ஒழுக்குக் கதையைச் சொல்வார். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட உற்சாகமாகவே சொல்வார். கீழ்வயல் அண்ணன் தம் வயலில் குனிந்து களை பறித்துக்கொண்டிருப்பார். நிமிரமாட்டார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “அண்ணே, இத்தன காலம் தண்ணி விட்டியளே, அவரு ஒரு வார்த்த பேசலியே.”

“தண்ணிக்குக் கூலியா பேச்சு? அப்பம் அது வியாபாரம்லா மக்கா.” வாசல் பக்கம் பார்த்தார். “ஆனாலும் அவரு வந்தாருன்னா நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

அவர் வரவில்லை. அண்ணன் போய்விட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமான ஆத்திரம்.

பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்த மறுநாள், நட்ட பயிர் காய்ந்திருக்குமே என்று நானும் மதினியும் வயலுக்குப் போனோம். எங்கள் வயலில் தண்ணீர் நிறைந்து நின்றது. கீழ்வயல் வெடித்துக் கிடந்தது. கீழ்வயல் அண்ணன் எங்கள் மடையருகில் மண்வெட்டியோடு நின்றார். கை பின்னால் போகவில்லை.

“அண்ணே, உங்க வயலுக்குல்லா மொதல்ல போகும்” என்றேன்.

“ஒழுக்கு முறியப்பிடாதுட்டி” என்றார்.

மதினி அழுகையோடு கேட்டாள். “ஒழுக்கா, ஒழுக்கமா?”

“ரெண்டும் ஒண்ணுதான்னு அவன் வரப்புல நின்னு சொல்லுவாம்லா. நான் கேட்டுக்கிட்டுதான் நின்னேன், இத்தன காலமும்.”

அண்ணனுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், இரவும் பகலும் துணையிருந்த அயல்வீட்டாருக்கும், அவரிடம் படித்து இன்று வந்திருக்கும் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கீழ்வயல் அண்ணனுக்கு நன்றி சொன்னால் பிடிக்காது, அது வியாபாரமாகிவிடும். இந்த மலரின் முதல் பிரதியை மதினி அவரிடம் கொடுப்பாள். நேராகாத அந்தக் கையையும் சேர்த்து, இரண்டு கையாலும் அவர் வாங்கிக்கொள்வார்.