முப்பத்திரண்டு பலா மரமும் நான் பேசிய ஒரு வாக்கியமும்

போன வாரம், மலைக்குக் கீழேயிருந்து வியாபாரிகள் வரும் சந்தை ஊரான சோளக்காட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, பஞ்சாயத்துல பேசுன அம்மா நீங்கதானுங்களா?”

எனக்கு வேர்த்துவிட்டது. “ஆமாங்க” என்றேன்.

“நீங்க பேசுனதுல எனக்கு ஒரு நாள் பொழப்பும் பஸ் சார்ஜும் தண்டமுங்க!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சேந்தமங்கலத்துப் பழ வியாபாரி. கோபத்தில் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் பேசினேனா? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால்... தண்ணீர் குடிப்பேன். பத்தாவது வரை படித்ததில் ஒரு நாள்கூட வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டதில்லை. வார்டு மெம்பர் ஆனதுகூட, பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் வேறு யாரும் மனுப் போடாததால்தான். கூட்டத்துக்குப் போவேன், கையெழுத்துப் போடுவேன், டீ குடிப்பேன், வந்துவிடுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான் போனேன். மாசி மாதக் கடைசி. அடுத்த வருஷத்துக்கு பட்ஜெட் போடும் கூட்டம்.

கிளார்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார். கிணற்று மோட்டார் இரண்டு முறை எரிந்துபோய், காயில் கம்பி மாற்றிச் சுற்றிய செலவாகிவிட்டது. கரண்ட் பில் பாக்கி நிற்கிறது. மேலிருந்து வரும் பணமும் குறைந்துவிட்டது. எப்படிக் கூட்டினாலும் மூவாயிரம் ரூபாய் துண்டு விழுகிறது.

“எதைக் குறைக்கலாம்? சொல்லுங்க” என்றார் தலைவர்.

தெருவிளக்கைக் குறைக்கலாம் என்றார் ஒருவர். எந்தத் தெரு என்றதும் அவர் உட்கார்ந்துவிட்டார். ஆபீசுக்குச் சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்தலாம் என்றார்கள். அது ஏற்கெனவே மூன்று வருஷமாக நின்றுதான் இருக்கிறது. “கூட்டத்துக்கு வாங்குற டீ, வடையை நிறுத்தலாங்களா?” என்று கிளார்க் கேட்டார். அப்போது அந்த அறையில் விழுந்த அமைதி இருக்கிறதே... பள்ளிக்கூடத்தில்கூட நான் கேட்டதில்லை.

கடைசியில் தலைவர்தான் சொன்னார். “வெள்ளையம்மா சம்பளத்த நிறுத்திரலாமுங்க. வால்வு தொறக்க ஒரு ஆளு எதுக்கு? அவங்கவங்க வந்து தொறந்துக்கிட்டாப் போவுது.”

வெள்ளையம்மாள் எங்கள் பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுபவர். தினமும் காலையில் டேங்குக்குப் போய், கீழ்வளவு வீடுகளுக்கு ஒரு மணி நேரம், நடுவளவுக்கு ஒரு மணி நேரம், மேட்டில் இருக்கும் எங்கள் மேல்வளவுக்கு ஒரு மணி நேரம் என்று வால்வை மாற்றி மாற்றித் திருப்புவார். மாதச் சம்பளம் இருநூற்றைம்பது. சொந்த நிலம் இல்லாதவர். அவர் கையில் பார்க்கும் காசு அது ஒன்றுதான்.

அவர் வேலைக்கு வருவதற்கு முன்பு அவரவர்தான் திறந்துகொண்டோம். அப்போது மேல்வளவுக் குழாயில் காற்றுதான் வந்தது. அதைக்கூட நாங்கள் வரிசையில் நின்று பிடித்தோம்.

வெள்ளையம்மாள் அப்போது வெளியேதான் உட்கார்ந்திருந்தார். கையில் வால்வு திருப்பும் ஸ்பேனர். உள்ளே பேசுவது அவருக்குக் கேட்டிருக்கும். எழுந்து போகவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முன்னால் இருந்த வரவுப் பட்டியலைப் பார்த்தேன். ‘பாதையோரப் பலா மரம் முப்பத்திரண்டு. மகசூல் குத்தகை ரூபாய் ஆயிரத்து இருநூறு.’ போன வருஷமும் ஆயிரத்து இருநூறு. அதற்கு முந்தின வருஷமும் அதே.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் மலையில் ஒரு வழக்கம். குத்தகை ஏலத்தில் வயதில் மூத்த சொந்தக்காரர் ஒரு விலை கேட்டுவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைவு. ஏலத்துக்குத் தமுக்கு அடிப்பதோ எங்கள் ஊருக்குள் மட்டும். வருகிறவர்கள் அத்தனை பேரும் மாமன், மச்சான், பங்காளி. மூத்தவர் ஆயிரத்து இருநூறு என்பார். “மாமன் கேட்டுட்டாரு, மாமனே எடுத்துக்கட்டும்” என்று எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

அந்த மூத்தவர் யார்? என் கூடப்பிறந்த பெரியண்ணன்.

தண்ணீர் குடித்தேன். டம்ளர் காலியாகிவிட்டது. வேறு வழியில்லை.

“இந்தத் தடவ சோளக்காட்டுலயும் தமுக்கு அடிக்கலாமுங்க” என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. தலைவர் என்னைப் பார்த்தார். கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு, “ஏலம் முடியட்டும், அப்புறம் வெள்ளையம்மா விசயத்தப் பேசிக்கலாம்” என்று தலைவர் தள்ளிவைத்தார்.

மறுநாள் காலையிலேயே பெரியண்ணன் வந்துவிட்டார்.

“ஏன் அம்மிணி, அண்ணன் மேல அப்படி என்ன கோவம்?”

“கோவமெல்லாம் இல்லீங்கண்ணா.”

“பின்ன? கீழ்நாட்டு யாவாரியக் கூட்டியாந்து எனக்கு எதுக்க நிறுத்துற?”

“வெள்ளையம்மாளுக்குச் சம்பளம் குடுக்கப் பணமில்லீங்கண்ணா.”

“அதுக்கு என்ற மரந்தான் கெடைச்சுதா?”

“அது பஞ்சாயத்து மரமுங்கண்ணா.”

சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். அண்ணன், நான் வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். என் கல்யாணத்துக்குத் தன் மிளகு முழுவதையும் விற்றுச் செலவு செய்தவர். அந்தக் காபியைக் கீழே ஊற்றும்போது... சரி, விடுங்கள்.

பங்குனியில் ஏலம். சோளக்காட்டில் தமுக்குச் சத்தம் கேட்டு ஒரே ஒருவர்தான் பஸ் ஏறி வந்திருந்தார் — அந்தச் சேந்தமங்கலத்து வியாபாரி. மற்றபடி வழக்கம்போல மாமன் மச்சான்கள்.

“ஆயிரத்து எரநூறு” என்றார் அண்ணன், என் பக்கம் பார்க்காமல்.

எல்லோரும் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் போனார்கள்.

“ஆயிரத்து ஐநூறுங்க” என்றார் வியாபாரி.

எழப்போனவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். “ஏனுங்க, அதுல எந்த மரம் தேன் மாதிரி இருக்கும், எது சப்புன்னு இருக்கும்னு தெரியுங்களா உங்களுக்கு?”

“கேட்டா நீங்க சொல்ல மாட்டீங்களா?”

சிரிப்பு கிளம்பியது. அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெண்டாயிரம் என்றார். வியாபாரி இரண்டரை என்றார். மூவாயிரத்தைத் தாண்டியபோது பின்னாலிருந்து ஒரு மச்சான், “உடாதீங்க மாமா!” என்று கத்தினார். மாமனுக்கு மேல் கேட்கத்தானே கூடாது? மாமனைத் தூண்டிவிடக் கூடாது என்று வழக்கம் இல்லையே!

“நாலாயிரத்து முந்நூறு!” அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

வியாபாரி மேல்துண்டை உதறித் தலையில் கட்டினார். “போதுமுங்க. மாமா கேட்டுட்டாரு, மாமாவே எடுத்துக்கட்டும்.”

முதலில் சிரித்தது அண்ணன்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரிக்கத் தைரியம் வந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்... கிளார்க் அங்கேயே கூட்டிப் பார்த்தார். பழைய ஆயிரத்து இருநூறு போக, துண்டு விழுந்த மூவாயிரமும் அடைந்து, நூறு ரூபாய் மிச்சம்.

சொந்தம் என்பது எல்லாவற்றுக்கும் நல்லதுதான். கல்யாணத்துக்கு வேண்டும், கருமாதிக்கு வேண்டும், நாற்று நட வேண்டும். ஏலத்துக்கு மட்டும் ஆகாது. அங்கே ஒரு அந்நியர் வந்து உட்கார வேண்டியிருக்கிறது. பட்ஜெட் என்றாலே யார் வயிற்றில் கை வைப்பது என்றுதான் யோசிக்கிறோம். வரவுப் பக்கத்தையும் ஒரு தடவை படித்துப் பார்த்தால் என்ன?

இதெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சத்தம். வெள்ளையம்மாள். ஒரு கையில் ஸ்பேனர். இன்னொரு கையால் ஒரு பலாப்பழத்தை இடுப்பில் இடுக்கியிருந்தார்.

“பெரியண்ணன் குடுத்து உட்டாருங்க அக்கா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏலத்துக்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் பழம் எனக்குத்தான் வரும் — இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய பழம். இது ஒற்றைக் கையில் அடங்கிவிட்டது.

“ஏன் வெள்ளையம்மா, பழம் இத்தனூண்டு இருக்குது?”

“நீங்க கேட்டாச் சொல்லச் சொன்னாருங்க அக்கா” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இந்த வருசம் அவரு பட்ஜெட்டுல துண்டு உழுந்திருச்சாமாங்க.”