கன்னி மூலையில் ஒரு கருந்துளை

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்தேன். ஆய்வகத்தின் ஒரு சுவர் முழுக்க நானும் மாணவிகளும் கறுப்பு பெயிண்டில் ஒரு கருந்துளையை வரைந்திருந்தோம். இடப்பக்கம் துகள்களின் கணக்கு, வலப்பக்கம் ஈர்ப்புவிசையின் கணக்கு. தனித்தனியே இரண்டும் பிசகாது. கருந்துளையின் நடுவில் சேர்த்துப் போட்டால் விடை முடிவிலி என்று வந்து பல்லை இளிக்கும். அங்கே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தோம். என் முனைவர் பட்டமே அந்தக் கேள்விக்குறியைச் சுற்றித்தான். உலகத்தில் இன்னும் ஒருவரும் விடை கண்டபாடில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய்த்த ஒரே இடம் அந்த அறை.

சேர்க்கை குறைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் துறையை மூடிவிடுவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். உடைந்த கருவிகளை மாற்றலாம் என்று அந்த மண்டைக்குத் தோன்றுமா? வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். அந்த மகானுபாவர் பட்டுச் சட்டையும் செல்போன் திசைகாட்டியுமாக வந்து சுவரைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"கருந்துளைங்க."

"அடக் கடவுளே! கன்னி மூலையில பள்ளம் ஆகவே ஆகாதுங்க. அதான் புள்ளைங்க சேர மாட்டேங்குது."

"இது வெறும் படங்க சார்," என்றேன்.

தாளாளர் என்னை முறைத்தார். "படமா இருந்தா என்னம்மா? உள்ள போனது வெளிய வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மறுநாளே வெள்ளை அடித்துவிட்டார்கள். கேள்விக்குறி இருந்த இடத்தில் தாளாளர் கைகூப்பிச் சிரிக்கும் ஃபிளக்ஸ் தொங்கியது.

இத்தனைக்கும் அவர் காசு பார்த்ததே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டித்தான். பனைமரம் மூழ்கும் ஆழத்துக்குத் தோண்டி, மூடாமல் அப்படியே விட்ட குவாரி. அதற்கு எவனும் வாஸ்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஜூனில் இயற்பியலுக்கு ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. தாளாளர் கூப்பிட்டனுப்பினார். வாஸ்துக்காரர் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"பள்ளத்ததான் மூடிட்டமே. இன்னும் எங்கியாச்சும் இருக்கான்னு யோசிச்சு சொல்லுங்கம்மா."

"இருக்குதுங்க சார். அரியலூர்ல, உங்க குவாரி."

வாஸ்துக்காரர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். துறையோடு என் வேலையும் அன்றே போயிற்று. அதற்குக்கூட நான் வருந்தவில்லை. அந்தக் கேள்விக்குறியை அழித்ததை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது. விடை தெரிந்து அழித்திருந்தால் நானே பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்திருப்பேன்.