செக்கிங் அக்காவின் ஃப்ரிட்ஜ் வழக்கு

வாளியில் தண்ணீர் ஊற்றித் தரச் சொல்கிறார் அக்கா. பாத்திரக்கடைக்காரர் பில் போட்டு முடித்துவிட்டார். பின்னால் நான்கு பேர் காத்து நிற்கிறார்கள். புது வாளி எப்படி ஒழுகும் என்று கடைக்காரர் கேட்கிறார். "ஒழுகாதுன்னா ஊத்துறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்கிறார் அக்கா. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே குடிதண்ணீர்க் கேனைச் சாய்க்கிறார். அக்கா வாளியைத் தலைக்கு மேல் தூக்கி, அடிப்பாகத்தை அண்ணாந்து பார்த்து, விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவுகிறார். தண்ணீரைக் கடைவாசலில் வாடிக்கிடந்த செடிக்கு ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் பையைத் திறக்கிறார். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் தன் கையிலிருந்த பாத்திரத்தை நீட்டி, "அப்படியே இதுலயும் கொஞ்சம் ஊத்துங்க" என்கிறார். கடைக்காரர் அக்காவைப் பார்க்கிற பார்வையை இங்கே எழுத முடியாது.

சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அக்கா இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து முடிந்த சட்டை அவர் மேஜைக்கு வரும். உள்ளே வெளியே திருப்பிப் போட்டு, காலர், பட்டன் துளை, பக்கத் தையல் என்று விரலை ஓட்டுவார். பிசிறோ நழுவிய தையலோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தைத்தவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். தையல்காரர்களுக்கு அவர்மேல் எவ்வளவு பிரியம் என்று சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளையைக்கூட உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அக்கா கழுத்தை நீட்டியிருப்பார் என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள். அக்கா காதிலும் அது விழும். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

எங்கள் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செக்கிங் அக்கா என்றால் தபால்காரருக்கும் தெரியும். அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்கள் நாலைந்து எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். மாடிப்படிக் கைப்பிடியில் ஆடுகிற இடம், தண்ணீர்க் குழாயில் கசிகிற மூட்டு, எல்லாவற்றிலும் அம்பு. நான் அவருக்கு எதிர்வீடு. ஒருநாள் என் வீட்டு அழைப்புமணியில் அம்பு ஒட்டியிருந்தது. அது மூன்று மாதமாக அடிக்கவில்லை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அந்த மூன்று மாதமும் யாருமே என்னைத் தேடி வரவில்லை என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் வேறு ரகம். வாங்கிய வாரத்திலேயே உயிரை விட்ட இஸ்திரிப்பெட்டி, ஒரு பக்கம் மட்டும் ரொட்டியைச் சுடுகிற எந்திரம் என்று என் பரண் ஒரு சின்னச் சுடுகாடு. கடைக்காரரோடு மல்லுக்கட்ட நம்மால் ஆகாது என்று ஒவ்வொன்றாக மேலே ஏற்றிவிடுவேன். அக்காவுக்கு இதைக் கேட்டாலே எரியும். "நீங்க பரண்ல ஏத்துறதாலதான் அவன் தைரியமா விக்கிறான்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினார். கடையில் இரண்டு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டுகளைக் கழற்றி மாட்டி, கதவிடுக்கில் காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினார். அது முக்கியமாக அவர் வீட்டுக்காரருக்காக. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறார் அவர். வாயில்லாப் பூச்சி. பல வருடமாகச் சர்க்கரை நோய். தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. பழைய ஃப்ரிட்ஜ் நின்றுபோனதால், மருந்து கெடாமல் இருக்கத்தான் அவசரமாகப் புதியது வந்தது.

வந்த ஃப்ரிட்ஜ் பிரமாதமாகக் குளிர்ந்தது. தண்ணீர் பாட்டிலில் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி மிதந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டு அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குளிர் கூடிப்போவதும் ஒரு கோளாறுதான் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது மாதம் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறத் தொடங்கியது. மருந்தின் அளவைக் கூட்டியும் இறங்கவில்லை. அக்கா தனக்குத் தெரிந்த வேலையில் இறங்கினார். தினமும் சாயங்காலம் அவருடைய சட்டைப்பையைத் திருப்பிப் பார்ப்பார், மதிய டப்பாவை முகர்ந்து பார்ப்பார். ஒருநாள் மிட்டாய்க் காகிதம் ஒன்று அகப்பட்டது. பள்ளியில் யாருக்கோ பிறந்தநாள், கொடுத்தார்கள், நான் சாப்பிடவில்லை, பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் மனிதர். எடுபடவில்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார், என்னிடம் சொன்னார், படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் வீட்டுக்காரரிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருநாள் புத்திமதி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

இதற்கிடையில் கீரை கண்ணாடிபோல் விறைத்துப்போகிறது என்று அக்கா சொல்லியனுப்ப, ஃப்ரிட்ஜ் கம்பெனியிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். அக்கா வீட்டில் செய்தித்தாள் இரவல் வாங்கப் போன நான் அங்கேதான் இருந்தேன். மெக்கானிக் உள்ளிருந்த திருகை ஒரு எண் குறைத்துவிட்டு, புதுசு அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார். அப்போது வீட்டுக்காரர் மெதுவாக, "இவ்வளவு குளிர்ல இன்சுலின் கெட்டுப்போகாதுங்களா?" என்று கேட்டார். மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"வெளியில தின்னுட்டு வந்து ஃப்ரிட்ஜ் மேல பழி போடாதீங்க."

மெக்கானிக் சிரித்தார். வேலைத்தாளில் ஏதோ எழுதி நீட்டினார். எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிற அக்கா அன்று படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் வீட்டுக்காரர் ஆய்வகத்தில் மயங்கி விழுந்தார். நான்கு நாள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மருந்துக் குப்பியைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளங்கையில் வைத்து உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கலாகக் கலந்துவிட வேண்டிய மருந்து கட்டி கட்டியாக நின்றது. மருந்து உறைந்து உருகியிருக்கிறது, உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, முதலில் போய் ஃப்ரிட்ஜைப் பாருங்கள் என்றார்.

அக்கா மூன்று நாள் விடுப்புப் போட்டார். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியைக் கேட்டு வாங்கி, ஃப்ரிட்ஜில் மருந்து வைக்கும் தட்டில் வைத்தார். மணிக்கொரு முறை பார்த்துக் குறித்தார். மூன்று நாளில் ஆறு தடவை பூஜ்யத்துக்குக் கீழே போய் வந்திருந்தது. குளிரைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் தன் இஷ்டத்துக்கு ஆடியிருக்கிறது. நாம் மருந்தை எடுக்கத் திறக்கிற நேரத்தில் நல்ல பிள்ளையாக இருந்துவிடும். அந்த மூன்று நாளும் அக்கா வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வெட்கமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறொரு அக்காவை. ஃப்ரிட்ஜ் விற்ற கடைக்காரர் பில்லின் அடியில் அச்சடித்திருந்த வரியைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. "அது நீங்க அச்சடிச்சது. நான் எங்க ஒத்துக்கிட்டேன்?" என்றார் அக்கா. கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டினார். கம்பெனி கடையைக் கை காட்டியது. இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டைகள் திரும்பி வரும்வரை தினமும் தபால்காரரை மறித்தார். பயன்படுத்துபவரின் கவனக்குறைவு என்று கம்பெனியிடமிருந்து நாலு வரியில் பதில் வந்தது. நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை என்று எங்கேயோ விசாரித்து வந்து, தானே எழுத உட்கார்ந்தார். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேர்த்தார். "ஒருத்தரை விட்டா, இன்னொருத்தர் அவரைக் கை காட்டிட்டு நழுவிடுவாரு."

மன்றத்தின் எழுத்தர் மனுவை இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். முதல் தடவை பக்க எண் இல்லை. இரண்டாம் தடவை ஒரு பிரதி குறைவு. நான் கொதித்தேன். அக்கா துளிக்கூட அலட்டிக்கொள்ளவில்லை. தப்பு எங்கே என்று காட்டித்தானே திருப்புகிறார்கள், அது முறையான செக்கிங் என்று பாராட்டினார்.

கம்பெனியின் பதில் மனு வந்த அன்று மட்டும் அவர் ஆடிப்போனார். அதோடு மெக்கானிக்கின் வேலைத்தாளை இணைத்திருந்தார்கள். கணவர் வெளியில் இனிப்புச் சாப்பிடுவதாக வாடிக்கையாளரே சொல்கிறார் என்று அதில் இருப்பதாகவும், நோயாளியின் உணவுக் கட்டுப்பாடின்மையே காரணம் என்றும் வாதம். கீழே அக்காவின் கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகுதான் தாளை முழுசாகப் படித்தார். அவர்கள் எடுத்துக் காட்டியது இரண்டாவது வரியை. அதற்கு மேலே முதல் வரி ஒன்று இருந்தது: குளிரில் மருந்து கெடுமா என்று கணவர் கேட்டார்.

அந்த வரி அவர்களுடைய கையாலேயே எழுதியது. மருந்து உள்ளே இருக்கிறது, குளிர் கூடுதலாக இருக்கிறது என்று, வீட்டுக்காரர் மயங்கி விழுவதற்குப் பத்து நாளைக்கு முன்பே கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் முதல் வரியைக் கையில் எடுத்தால் இரண்டாம் வரிக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

வாய்தா நாளில் நானும் துணைக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரரும் வந்திருந்தார். உள்ளே வரக் கூச்சப்பட்டு நடைபாதை பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். கம்பெனி வக்கீல் எங்களைத் தனியாக அழைத்தார். வாங்கியதைவிடப் பெரிய புது ஃப்ரிட்ஜ், ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் தந்துவிடுகிறோம் என்றார். இப்போதிருக்கும் ஃப்ரிட்ஜில் குறை எதுவும் இல்லை என்று எழுதியிருந்த ஒரு தாளை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும் என்றார். எனக்கு அது வெற்றியாகவே பட்டது. வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா என்று காதில் கிசுகிசுத்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஃப்ரிட்ஜ்ல குறை இல்லைன்னா, குறை இவர்கிட்டன்னு ஆயிடும். இவர் திருடித் தின்னாருன்னு என் கையெழுத்தோட அங்க நிக்கும். அதுக்கு நான் மறுபடியும் கையெழுத்துப் போடணுமா?"

வக்கீலிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "வேணாங்க. உள்ளேயே பேசிக்கலாம்."

உள்ளே சின்ன அறை. ஒரு பக்கம் கடைக்காரரும் கம்பெனி அதிகாரியும் வக்கீலும். எங்கள் பக்கம் முன்வரிசையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அக்கா, வக்கீலுக்கான இன்னொன்றில் அவருடைய பை. மன்றத் தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பேசுகிற வயதான பெண்மணி. வக்கீல் இரண்டாம் வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். இது உங்கள் கையெழுத்துதானா என்று தலைவர் கேட்டார்.

அக்கா எழுந்தார்.

"என் கையெழுத்துதாங்க. அப்படிச் சொன்னதும் நான்தான். சொன்னது தப்பு. ரெண்டு மாசம் அவர் பையைத் திருப்பிப் பாத்தேன், ஃப்ரிட்ஜைப் பாக்கல. அவர்தான் முதல்ல சந்தேகப்பட்டுக் கேட்டாரு. நான் பேச விடல. நான் பேச விடாதது என் வீட்டு விஷயம், அதை நான் பாத்துக்கறேன். ஆனா அவர் கேட்டது கம்பெனி ஆளு காதுல விழுந்துச்சு, தாள்லயும் எழுதினாரு. பதில் சொல்லாமப் போனாரே, அதுக்கு யார் பொறுப்பு? மேல இருக்கற வரியையும் வாசிக்கச் சொல்லுங்க."

வக்கீல் தாள்களைப் புரட்டினார். தலைவர் தன்னிடமிருந்த பிரதியைத் தானே எடுத்து முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். பிறகு, கேள்வி கேட்டவர் வந்திருக்கிறாரா என்று விசாரித்தார்.

அக்கா நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்துத் தரையில் வைத்தார். வெளியே போய் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வந்தார். அவர் கடைசி வரிசையில் ஒதுங்கப் பார்த்தார். அக்கா விடவில்லை, முன்னால் கூட்டி வந்து வக்கீல் நாற்காலியில் உட்காரவைத்து, தான் அருகில் நின்றுகொண்டார்.

"சொல்லுங்க, அன்னைக்கு என்ன கேட்டீங்க?" என்றார் தலைவர்.

மனிதர் பழக்கதோஷத்தில் அக்காவை அண்ணாந்து பார்த்தார். அக்கா தன் உள்ளங்கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, அவர் பேசுவதற்காகக் காத்து நின்றார்.