எல்லைக்கு அந்தப் பக்கம் போன ஏ.டி.எம். கார்டு

போன சனிக்கிழமை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முட்டு வலி இல்லை... இது வேறு.

என் பேத்தி ஜினி கேரள எல்லையோரத்து எங்கள் பாறசாலையிலிருந்து பஸ் ஏறிப் போய் பி.காம். படிக்கிறாள். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு முன்ஹாலில் கூடப் படிக்கிற எட்டுப் பேருக்குப் பண விஷயம் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு வாரம் இன்சூரன்ஸ், ஒரு வாரம் கிரெடிட் கார்டு. பால் விடாத கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொடுக்கிற சாக்கில் நானும் நின்று கேட்பேன். பள்ளிக்கூடமே போகாதவள் வீட்டுக்கு காலேஜ் வந்தால் விடுவேனா? (நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் ஜினிதான். புகழ்ந்தால் அந்த வரியை அடித்துவிடுகிறாள்!)

அன்றைய பாடம் — நம் பேங்க் கணக்கை அடுத்தவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. யாரையோ ஏமாற்றிய பணம் அதில் வந்து போகும். போலீஸ் நம்மைத்தான் தேடும்.

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டே கேட்க, அனீஷ் மட்டும் மரச்சீனியைத் தொடவில்லை.

"என்னலே மக்கா, வயிறு செரியில்லியா?"

"அம்மச்சி... நான் கார்டைக் கொடுத்தாச்சு."



எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில் பழக்கமான ஒரு அண்ணன். மாதம் இரண்டாயிரம் தருவதாகச் சொல்லி கார்டையும் ரகசிய நம்பரையும் வாங்கிக்கொண்டாராம். பத்து நாளாகிறது. அனீஷின் ஸ்காலர்ஷிப் வருவதும் அதே கணக்கில். அதில்தான் ஃபீஸ்.

"எலே, உனக்கு மண்டையில ஒண்ணும் இல்லியா?" என்றாள் ஜினி.

"கணக்கு கேரளத்துல. கார்டு தமிழ்நாட்டுல. இந்த போலீஸ் அங்க போவாது, அந்த போலீஸ் இங்க வராதுன்னு நெனச்சேன்."

சிரிக்கிறீர்களா? எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் யோசிப்போம். இந்தப் பக்கம் ஹர்த்தால் என்று கடை அடைத்தால் அந்தப் பக்கம் போய் வாங்குவோம். நாலு எட்டில் தப்பித்தே பழகிய ஜனம்! நானே மீன் வாங்க அப்படித் தாண்டியவள்தான்.

"எல்லை உனக்கும் எனக்கும்தான் ஆக்கும். துட்டுக்கு ஏதுலே செக்போஸ்ட்?" என்றேன்.

பேங்குக்கு ஓடலாம் என்றால் இரண்டாம் சனி, லீவு. ஹெல்ப்லைனைக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து... பிறகு ஒரே பாட்டு. ஜினி நோட்டைப் புரட்டினாள். 'கொடுக்காதே' என்று இருந்தது. கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று இல்லை! நான் அடுக்களைக்கும் ஹாலுக்குமாக நடந்தேன்.

ஐந்தாவது முறை ஒரு பெண் எடுத்தாள். கார்டு பிளாக் ஆனது.

"இனி எல்லாம் செரியாச்சில்லியா?" என்றான் அனீஷ்.

"கார்டு மட்டும் ஆக்கும்," என்றாள் ஜினி. "ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கணும். வீட்டுல சொல்லணும்."

"அம்மா என்னைக் கொன்னு போடும்."

"கொல்லட்டு. நாங்க எல்லாரும் கூட வாறோம்."

போனார்கள் — முதலில் வீட்டுக்கு, பிறகு ஸ்டேஷனுக்கு.

திங்கட்கிழமை பேங்கில் தெரிந்தது... யாரென்றே தெரியாத ஒருவரின் நாற்பதாயிரம் அவன் கணக்கில் கிடக்கிறது. அந்த அண்ணன் எடுக்குமுன் கார்டு முடங்கிவிட்டது. ஆனால் விசாரணை முடியும்வரை கணக்கும் முடக்கம். ஸ்காலர்ஷிப் உள்ளே மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கட்டவேண்டிய ஃபீஸுக்கு அவன் அம்மா வளையலை அடகு வைத்தாள்.

இந்தச் சனிக்கிழமை, ஜினி நோட்டைத் திறக்குமுன் அனீஷ் எழுந்தான்.

"இன்னைக்கு கிளாஸ் நான் எடுக்கேன்."

அம்மாவின் அடகுச் சீட்டை எல்லாருக்கும் நடுவில் வைத்தான்.

அந்தக் கிளாஸில் ஒருத்தரும் போனை நோண்டவில்லை.