ஸ்விட்சில் ஒரு விரல்

ஜெர்மனியின் போஹும் நகரில் முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டியவர் ஹார்ட்விக் எல்லர்ப்ராக். நேரம் தவறாதவர். கொஞ்சம் கஞ்சர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறைத்துப் பேச வராது.

அவர் மனைவி குட்ருன் கூடத்தில் கடல்தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவளுடைய ஊதாப் பவளம் முட்டைக்கோஸ் அளவுக்குக் கிளைத்திருந்தது. எங்கள் பவளச் சங்கத்தில் யார் கேட்டாலும் ஒரு கிளையை நறுக்கிக் கொடுப்பாள். சங்கத்து வழக்கம் அது. ஒருவர் தொட்டியில் எல்லாம் செத்துப்போனால், அவர் கொடுத்த பவளமே இன்னொரு வீட்டிலிருந்து அவருக்குத் திரும்பி வரும். ஹார்ட்விக்குக்கு அது ஆகாது.

"ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுத்துட்டு, நாம மொட்டைக் கல்லைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?" என்று என் எதிரிலேயே கத்துவார். ஒருநாள் பெரிய சண்டை. அதன்பிறகு அவள் கொடுப்பதை நிறுத்திவிட்டாள் என்று நம்பினார்.

நவம்பரில் குட்ருன் இறந்துபோனாள். தொட்டியை அவரே பார்த்துக்கொண்டார், அவள் உயிர் அதில்தான் இருக்கிறது என்பதுபோல.

ஏப்ரலில் ஒருநாள் காலை, புதிதாக வாங்கிய பவளத்துண்டு ஒன்றைப் பாறையில் ஒட்ட உட்கார்ந்தார். தண்ணீர் ஓடினால் பசை பிடிக்காது. அதனால் மோட்டார்களை நிறுத்தினார். ஒட்டி முடிக்கும்போது போன் வந்தது. குட்ருனின் கல்லறைக் கல்லை நடுகிறார்கள், உடனே வந்தால் பார்க்கலாம். மோட்டார்களைத் திரும்பப் போட மறந்து, கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். கல்லில் அவள் பெயரைப் பார்த்தபின் வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. தம்பி வீட்டில் தங்கிவிட்டார். மறுநாள் மதியம் கதவைத் திறந்ததும் அழுகல் வாடை. ஓடாத தண்ணீரில் மூச்சுமுட்டி மீன்கள் செத்து மிதந்தன. ஊதாப் பவளம் தோலுரிந்து வெள்ளைவெளேரென்று நின்றது.

"நானே கொன்னுட்டேன், ரோஸ்விதா. தொட்டியைத் தூக்கிட்டுப் போயிடு" என்றார் என்னிடம் போனில்.

"தூக்க மாட்டேன். கழுவி, மறுபடி தண்ணி ஊத்தி மோட்டாரை ஓட்டு."

"எதுக்கு?"

"கேள்வி கேக்காம செய்யி."

இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் தேறியதும் ஒரு சூப் டப்பாவோடு போனேன். உள்ளே விரல் நீள ஊதாக் கிளை.

"இது எங்க கெடச்சுது?"

"உன் பொண்டாட்டி குடுத்ததுதான், என் வீட்ல வளந்துது. ஆறு வருஷம் முன்னாடி, நீ கத்துவேன்னு சூப் டப்பால ஒளிச்சுக் குடுத்தா."

கோபப்படுவார் என்று பயந்தேன். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீயே ஒட்டிடு. என் கை ஆகாது."

"அவ பவளம். நீதான் ஒட்டணும்."

எழுந்தார். "அப்போ மோட்டாரை நிறுத்தி, அந்த ஸ்விட்ச் மேலயே விரலை வெச்சுக்கிட்டு நில்லு. வீடே பத்தி எரிஞ்சாலும் எடுக்காதே."

அணைத்து, விரலை எடுக்காமல் நின்றேன். மோட்டார்கள் நின்றன. கிளையின் அடியைத் துடைத்து, பசை வைத்து, மேலே எரியும் தொட்டி விளக்கு சுட்டுவிடாதபடி கீழ்ப்பாறையில் அழுத்திப் பிடித்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. அவர் திரும்பவில்லை, நானும் அசையவில்லை. அடித்து அடித்து அதுவே ஓய்ந்தது.

"போடு."

போட்டேன். தண்ணீர் ஓடியது. கிளை ஆடவில்லை. கையை வெளியே எடுக்காமலே அழுதார்.

"நல்லவேளை, அவ என் பேச்சைக் கேக்கல."