யானைப்பாறையிலிருந்து இறங்காத பகல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமா எங்களை அறுகம்பைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார். சாய்ந்தமருதில் எங்கள் தெருமுனையிலேயே கடல் இருந்தது. அதே கடலைப் பார்க்க இரண்டு மணித்தியாலம் வேனில் போவது வாப்பாவுக்கு வீண்வேலையாகப் பட்டது. ஆனால் உம்மாவின் தம்பியான மாமா ஒன்றை முடிவெடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. அறுகம்பையில் வெள்ளைக்காரர்கள் பலகையில் நின்று அலையில் சறுக்குவதைப் பார்க்கலாம், பிறகு லகுகல குளத்துக்குப் போய் யானைக் கூட்டம் பார்க்கலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார். அலையில் எனக்கு அக்கறையில்லை. யானையைக் காணாமல் வீடு திரும்புவதில்லை என்று வேனில் ஏறும்போதே தீர்மானித்திருந்தேன்.

உண்மையில் அது ராத்தாவை, என் மூத்த சகோதரியை, மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்கான பயணம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த ராத்தா, பெண் பார்க்க வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் வர இரண்டு தடவை மறுத்திருந்தாள். ஆகவே கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒருவரின் குடும்பம் கடற்கரையில் எங்களைத் தற்செயலாகச் சந்திப்பதுபோல மாமா ஏற்பாடு செய்திருந்தார். மாப்பிள்ளை மறுநாள் விமானம் ஏற வேண்டியவர். வேனில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ராத்தாவும் அறிந்துவிட்டாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. எனக்கு எதுவுமே தெரியாது.

திருக்கோவில் தாண்டியதும் ராத்தா என் காதருகே குனிந்தாள். அறுகம்பைக்கு அங்கால யானைப்பாறை என்று ஒன்று இருக்கிறதாம். மேலே ஏறினால் கடலோரக் களப்பு நீரில் முதலை தெரியுமாம், காட்டோரம் யானைகூட வருமாம்.

"நீ அழுதா கூட்டிப் போவாங்க. நல்லா அழு" என்றாள்.

அழுவதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. கடற்கரையில் இறங்கிய உடனேயே மணலில் உட்கார்ந்து தொடங்கினேன். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மணித்தியாலத்தில் தெரிந்த ஆட்கள் வருவார்கள், பிறகு போகலாம் என்றார். நான் சத்தத்தைக் கூட்டினேன். பலகையோடு போன ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று என்னைப் பார்த்தாள். உம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. கடைசியில் வாப்பா ஒரு ஓட்டோவைப் பிடித்து, ராத்தாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு, அரை மணித்தியாலத்தில் வந்துவிடுவோம் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்தார்.

பாறையடிக்கு வந்ததும் வாப்பா தனக்கு முழங்கால் வலி என்று ஒரு மரநிழலில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் ஏறினோம். ராத்தா ஹபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் என்னை இழுத்துக்கொண்டு, ஒரு தடவைகூட நிற்காமல் உச்சிக்குப் போனாள். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் களப்பும் அதற்கப்பால் காடும். மேற்கே, நான் அதுவரை படத்தில் மட்டுமே கண்டிருந்த மலைகள் நீலமாகத் தெரிந்தன. களப்பின் கரையில் விறகுக்கட்டை மாதிரிக் கிடந்த ஒன்று வாயைத் திறந்தபோது அது முதலை என்று தெரிந்தது. யானை மட்டும் இல்லை.

வெயில் ஏறியது. பாறை சுட்டது. தண்ணீர்ப் போத்தல் முடிந்தது. ராத்தாவின் போன் மூன்று தடவை அடித்தது. அவள் அதை நிறுத்திப் பைக்குள் போட்டாள். இறங்குவோம் என்று நான் கேட்டேன். யானை பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"இன்னும் கொஞ்சம் இரி, வரும்" என்று தன் தலைச் சால்வையின் நுனியை விரித்து என் தலைக்கு நிழல் பிடித்தாள். அவள் முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. கண்கள் காட்டுப் பக்கம் திரும்பவேயில்லை. கீழே ஓட்டோ வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தப் பாதையில் மாமாவே வந்து இறங்கினார். புதுச் சப்பாத்தோடு பாதிப் பாறை ஏறினார். வழுக்கியது. இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இறங்கு புள்ள. அவங்க வந்து காத்துக்கிட்டு இரிக்காங்க."

"சின்னவள் யானை பாக்காம இறங்க மாட்டாளாம், மாமா" என்றாள் ராத்தா.

நான் வாயைத் திறந்தேன். ராத்தாவின் கை என் கையை இறுக்கியது. வாயை மூடிக்கொண்டேன்.

மாமா கீழே திரும்பி, ராத்தாவைக் கூப்பிடும்படி வாப்பாவிடம் சொன்னார். வாப்பா கூப்பிட்டிருந்தால் ராத்தா இறங்கியிருப்பாள், அவருடைய சொல்லை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. வாப்பா முதுகை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். மாமா போய்விட்டார்.

நாங்கள் அறுகம்பைக்குத் திரும்பியபோது நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வந்தவர்களும் போயிருந்தார்கள். நெய்ச்சோறு ஆறிப்போயிருந்தது. உம்மா ராத்தாவை ஒன்றும் சொல்லாமல் என்னை ஏசினார். நான் இறங்கத்தான் கேட்டேன் என்று சொல்லத் தொடங்கியதும், வாப்பா குறுக்கிட்டார்.

"சோத்த வாயில வெச்சிக்கிட்டுக் கதைக்காத மகள்."

கோழிப் பொரியலில் பெரிய துண்டை எடுத்து ராத்தாவின் தட்டில் வைத்தார். அந்த அநியாயத்தை என்னால் தாங்க முடியவில்லை. மாமா லகுகலவுக்குப் போக மறுத்து வேனை நேரே வீட்டுக்கு விடச் சொன்னபோது உண்மையாகவே அழுதேன். அன்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த வருடம் ராத்தா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டாள், மலைநாட்டுக்கு. கல்முனை பஸ் நிலையத்தில் வாப்பா அவளுடைய கனத்த பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேகமாகப் படியேறிப் பஸ்ஸுக்குள் வைத்தார். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். மாமா வரவில்லை. எல்லோருடைய முகத்தையும் பார்த்தபோது எனக்கு விஷயம் விளங்கியது போலிருந்தது: அன்று கீழே இறங்காததற்கான தண்டனை இது, நான் அழுத அழுகைக்காக ராத்தாவை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள்.

நான் ஓடிப்போய் வாப்பா உடுத்திருந்த சாரனைப் பிடித்தேன். யானை கேட்டது நான்தான், ராத்தாவில் பிழையில்லை, அவளை அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சினேன். வாப்பா என்னைத் தூக்கி ஜன்னலருகே பிடித்தார். உள்ளே ராத்தா சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய தண்டனை கிடைத்தும் இவளுக்கு எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்குக் கோபம் வந்தது. பஸ் புறப்படும்வரை அவளுக்கு நான் கை காட்டவில்லை.